புள்ளியக்காவின் குட்டி பிள்ளை மடுவத்துக்கு வந்த நாள்

மிருகங்களை வைத்துக் கதை எழுதுவது எப்படி என்று சொல்லித்தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு வழி எனக்குத் தெரிந்திருந்தால் நானே இன்னும் கொஞ்சம் உருப்படியாக எழுதியிருப்பேன். ஆகவே அதை விட்டுவிடுங்கள். முயலுக்கு எந்தக் குரல், நரிக்கு எந்தக் குரல் என்பதையெல்லாம் நீங்களே பத்துக் கதை எழுதிக் கிழித்துப் போட்டுக் கற்றுக்கொள்வீர்கள்.

நான் சொல்ல வருவது எழுதி அனுப்பிய பிறகு நடப்பதைப் பற்றி. நாம் சட்டை போட்டுப் பேச வைத்த மிருகம் நம் கையை விட்டுப் போன பின் யார் வீட்டில் போய் உட்காருகிறது, அங்கே என்ன செய்கிறது என்று நமக்குத் தெரியாது. ஓய்வு பெற்று நானுஓயாவில் வந்து உட்கார்ந்த பிறகும், தொலைபேசி மணி அடித்தால் நான் உடனே எடுப்பதில்லை. காரணம் இல்லாமல் இல்லை.

முதலில் சின்னதாக ஒன்று. ஹட்டனில் எங்கள் சிறுவர் இதழில் நான் சேர்ந்த புதிதில் ஒரு சேவலை வைத்துத் தொடர்கதை எழுதினேன். பெரிய வாயாடிச் சேவல். ஒரு நாள் ஒரு தோட்டத்திலிருந்து ஒருவர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். முனியாண்டி சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவலாம். பிள்ளைகள் அதற்கு என் கதைச் சேவலின் பெயரை வைத்து, திருவிழா நெருங்கியதும் எங்கேயோ ஒளித்துவிட்டார்களாம். "சாமி கோவிச்சா நாங்க தாங்க மாட்டோம். நீங்களே வந்து புள்ளைங்ககிட்ட சொல்லுங்க" என்று நின்றார். நான் எங்கள் ஆசிரியரின் முகத்தைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்து மனிதர், சிரிப்பதை மறந்தே போனவர். "சட்டை போட்டுவிட்டது நீர். போய்ப் பதிலும் நீரே சொல்லும்" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்துக்கொண்டார்.

போனேன். பிள்ளைகளின் முன்னால் அசடு வழிந்துவிட்டு வந்தேன். கடைசியில் வேறொரு சேவலைச் சாமிக்குக் கொடுத்தார்கள் என்று கேள்வி. அதற்குக் கதையில் பெயர் இல்லை, அதனால் யாரும் அழவில்லை. அன்றைக்கு இதைப் பெரிய வேடிக்கையாக எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

இனிச் சொல்லப்போவதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் நடந்தது.

அப்போது புள்ளியக்கா என்ற தொடர் போய்க்கொண்டிருந்தது. புள்ளியக்கா ஒரு சிறுத்தைப் புலி. நம் பெண்களைப் போலவே நனையாமலிருக்க இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போவாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தி வந்து, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் வாய் கொடுப்பாள். வேலைக்குப் போகும்போது தன் குட்டியைப் பிள்ளை மடுவத்தில், அதுதான் தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், விட்டுவிட்டுப் போவாள். சாயங்காலம் வந்து, "எம்புள்ள யாரையாச்சும் பிராண்டுச்சா?" என்று கேட்டுக் கூட்டிப்போவாள்.

அச்சில் வந்ததோடு, என் குரலில் வாசித்தும் தொலைபேசியில் அனுப்பினோம். அங்கேதான் கதை பிய்த்துக்கொண்டு போனது. பிள்ளைகளுக்காக எழுதினேன், கேட்டதெல்லாம் தாய்மார். கொழுந்து மலையில் தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் ஒரு தொலைபேசியைச் சுற்றி ஒரு கூட்டமே உட்கார்ந்து கேட்குமாம். பதிலும் அனுப்புவார்கள். புள்ளியக்காவுக்குக் காய்ச்சல் வந்த வாரம், கொத்தமல்லி அவித்துக் கொடுக்கச் சொல்லி எத்தனை பேர்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர்களில் இறம்பொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் மாரியாயி என்ற பெண் ஒருத்தி. நான் அவளைப் பார்த்ததில்லை, குரல்தான் தெரியும். கொஞ்சம் கரகரத்த குரல். ஒவ்வொரு வாரமும் கதை போனதும் அவளிடமிருந்து பதில் வரும். புள்ளியக்காவை யாராவது ஏசிவிட்டால் எனக்கு ஏச்சு விழும். தன் பிள்ளை கைக்குழந்தையாக மடுவத்தில் கிடந்த காலத்தில், மழை பெய்தால் மலையில் தனக்குக் கை ஓடாது, மனசெல்லாம் அங்கேதான் இருக்கும் என்று ஒரு தடவை சொல்லியிருந்தாள். அதைக்கூட எடுத்துக் கதையில் போட்டேன். பூரித்துப் போனாள்.

அன்று காலையிலிருந்தே நல்ல மழை. மதியம் திரும்பிய நேரம், இதழை அச்சுக்கு அனுப்பும் அவசரத்தில் இருந்தோம். அந்தத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொள்ளும் புஷ்பராணி கூப்பிட்டாள். யாருக்கோ கேட்டுவிடக்கூடாது என்பதுபோல் மெதுவாகப் பேசினாள்.

"அக்கா, மாரியாயி புள்ளியக்கா குட்டிய இங்க கொண்டாந்து விட்டுருக்கு."

பொம்மை செய்து கொண்டுவந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். ரொம்ப சந்தோசம் என்றுகூடச் சொன்னேன். அப்போது தொலைபேசிக்குள் ஒரு சத்தம் கேட்டது. பூனைக்குட்டியும் இல்லை, குழந்தையும் இல்லை.

நடந்தது இதுதான். காட்டை ஒட்டிய மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது ஒரு தேயிலைச் செடியின் தூரடியில் சிறுத்தைக் குட்டி ஒன்று நனைந்து கிடப்பதை மாரியாயி கண்டிருக்கிறாள். தேயிலைக்குள் புலி குட்டி போடுவது நம் பக்கத்தில் புதிதா என்ன? கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தொடாமல், சத்தம் போடாமல் கூட்டம் மொத்தமும் இறங்கி வந்து கண்டாக்கையாவிடம் சொல்ல வேண்டும். தாய் குட்டியை வேறிடத்துக்குக் கொண்டுபோகும் வரை அந்த மலைக்கு ஆள் போடமாட்டார்கள். மாரியாயிக்கும் இது தெரியும். திரும்பத்தான் பார்த்தாளாம். ஆனால் குட்டி மழையில் வெடவெடவென்று நடுங்கியிருக்கிறது. தாயும் பக்கத்தில் இல்லை. புள்ளியக்கா மலைக்குப் போயிருப்பாள், வேலை முடிந்ததும் மடுவத்துக்குத்தானே வருவாள் என்று தோன்றியதாம். பறித்த கொழுந்தின் மேலேயே அதைப் படுக்கவைத்து, கூடையோடு இறங்கி நடந்துவிட்டாள்.

இந்த இடத்தில் உங்களில் யாராவது, படிக்காத பொம்பளை, அதுதான் இப்படி என்று நினைத்தால் இப்போதே எழுந்து போய்விடுங்கள். எனக்குக் கெட்ட கோபம் வரும். கதைக்கும் காட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவள் இல்லை அவள். ஈரத்தில் நடுங்கும் ஒரு குட்டியைப் பார்த்த அந்த ஒரு நிமிடத்தில் அவள் மனசுக்குள் முதலில் வந்து நின்றது நான் எழுதியது. நாம் எழுதுவதே அப்படி வந்து நிற்க வேண்டும் என்றுதானே?

புஷ்பராணி மேலும் சொன்னாள். உள்ளே கைக்குழந்தைகள் தொட்டிலில் தூங்குகிறார்கள். தாய்மார் பாதிப்பேர் இன்னும் மலையில். வெளியே லயத்து வீடுகளிலிருந்து வந்த ஆண்கள் தடியோடு கூடிவிட்டார்கள். அடித்துப் போடு என்கிறார் ஒருவர், இறைச்சியில் மருந்து வைத்தால் தாயும் சேர்ந்து தொலையும் என்கிறார் இன்னொருவர். அதைக் கேட்ட மாரியாயி குட்டியைச் சேலைக்குள் பொத்திக்கொண்டு மடுவத்தின் அடுப்படிக்குள் போய்க் கொண்டி போட்டுக்கொண்டாள். கதை அக்கா, அதுதான் நான், சொன்னால்தான் திறப்பாளாம்.

இன்னொரு பக்கம் சில பெண்கள், வாசலில் ஒரு சட்டியில் பால் வைத்துக் கதவைத் திறந்துவிடுங்கள், புள்ளியக்கா யாரையும் ஒன்றும் செய்யமாட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். பாதி விளையாட்டு, பாதி நிசம். தடியைவிட அந்தப் பால் சட்டிக்குத்தான் நான் பயந்தேன்.

கடைசியாக புஷ்பராணி கேட்டாள்:

"அக்கா, புள்ளியக்கா எத்தன மணிக்கு வருவா?"

உங்கள் எழுத்தை நம்பி ஒருவர் இப்படி ஒரு கேள்வி கேட்கும் நாள் உங்களுக்கு வரவே கூடாது. முதலில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேலே கோயிலுக்குப் போகச் சொன்னேன். யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்காதே, எல்லாக் குழந்தைகளையும், இப்போதே என்றேன். நல்ல பிள்ளை அவள், எதிர்க்கேள்வி கேட்கவில்லை.

அடுத்து வனஜீவி அலுவலகத்துக்குக் கூப்பிட்டேன். பதற்றத்தில் என் சிங்களம் தடுமாறியது. கதையில் வருகிற புலி, நிசப் புலி என்று எதையெதையோ உளறினேன். அந்த அதிகாரி சிரிக்கவில்லை. எந்தத் தோட்டம், எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். உடனே புறப்படுவதாகச் சொன்னார். தாய் இந்நேரம் தேடத் தொடங்கியிருக்கும். இருட்டுவதற்குள் குட்டியை எடுத்த அதே தூரடியில் கொண்டுபோய் வைத்தாக வேண்டும், பால் கீல் ஒன்றும் கொடுக்காதீர்கள், ஆட்களை விலக்குங்கள், நான் வரும்வரை யாரும் மலைப்பக்கம் போகக்கூடாது என்றார். எடுத்தவர் யாரோ அவரே வந்து இடத்தைக் காட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

இடம் மாரியாயிக்கு மட்டும்தான் தெரியும். அவளோ கொண்டியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வெளியே தடிகள். நேரம் போய்க்கொண்டிருந்தது, இறம்பொடைப் பக்கம் மழைக்காலத்தில் எவ்வளவு சீக்கிரம் இருட்டும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என் மேசையைச் சுற்றி அலுவலகமே நின்றது. எங்களோடு வேலை செய்த கெட்டிக்காரப் பெண் ஒருத்தி, பேசாமல் புள்ளியக்கா குரலில் ஒன்று பேசி அனுப்புங்களேன் என்றாள். மாரியாயி, எம்புள்ளைய எடுத்த எடத்துலயே வச்சிரு, நான் வந்து கூட்டிக்கிறேன் என்று சொன்னால் போதும், அந்த நிமிடமே கதவைத் திறந்துவிடுவாள் என்றாள்.

உண்மைதான். திறந்திருப்பாள். வேலை சுலபமாக முடிந்திருக்கும். அந்தக் குரல் எனக்குத் தொண்டையிலேயே இருந்தது, வாயைத் திறந்தும்விட்டேன். பிறகுதான் உறைத்தது. புள்ளியக்கா கூப்பிட்டாள் என்று நம்பிப் போகிறவள் எப்படிப் போவாள்? தோழி வீட்டுக்குப் போவது மாதிரி கைவீசிக்கொண்டு போவாள். அதிகாரி நில் என்றாலும் இரண்டடி கூடவே வைப்பாள். குட்டியைத் தேடி வெறி பிடித்துத் திரியும் தாய்ப்புலி இருக்கிற மலை அது. அங்கே போகிறவளுக்கு முதலில் வேண்டியது பயம். அந்தப் பயத்தை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் போட்டவள் நான். அதை நானேதான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அவளுடைய தொலைபேசிக்கே கூப்பிட்டேன்.

"சொல்லுங்கக்கா" என்றாள் அந்தக் கரகரத்த குரலில். "குட்டி என் சேலைக்குள்ள தூங்குது. சூடு பட்டதும் நடுக்கம் நின்னுருச்சு. புள்ளியக்கா கோவிச்சுக்குவாளாக்கா?"

"மாரியாயி, நல்லாக் கேளு. புள்ளியக்கான்னு யாரும் இல்ல. நான்தான் எழுதுனேன். உன் மடியில இருக்கிறது காட்டுப்புலியோட குட்டி. அதோட அம்மா இப்ப தேடிக்கிட்டுத் திரியும். உன்னையக் கண்டா என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதா? நீங்கதானக்கா எழுதுனீங்க."

"எழுதுனதுதான் தெரியும். புலியத் தெரியாது. உசிரோட ஒரு புலிய நான் பாத்ததே இல்ல."

வாசகர் யாரிடமும் அதுவரை நான் அப்படிச் சொன்னதில்லை. அலுவலகத்தில் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாரியாயி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "எனக்கு இப்ப பயமா இருக்குக்கா" என்றாள்.

"இருக்கட்டும். பயந்துக்கிட்டே போ. ஆபீசர் வருவார், அவருக்குப் பின்னாலயே நட. முன்னால ஒரு அடி வைக்காத. எடத்த கையால காட்டுனா போதும்."

கொண்டி விலகும் சத்தம் கேட்டது. அதோடு தொலைபேசியும் நின்றுவிட்டது.

கொஞ்ச நேரத்தில் புஷ்பராணி கோயிலிலிருந்து பேசினாள். குழந்தைகள் எல்லோரும் பத்திரம். கண்டாக்கையா வந்து ஆண்களை ஏசி லயத்துக்கு அனுப்பிவிட்டார், மலையில் இருந்த தாய்மாரையும் இறக்கிவிட்டார். வனஜீவிக்காரர்களின் வண்டியும் வந்து, மாரியாயியை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்விட்டது. அதற்கு மேல் அவளுக்கும் தெரியவில்லை. மலையில் சிக்னல் கிடையாது.

அதன் பிறகு காத்திருந்தேனே, அந்த நேரத்தை எதில் சேர்ப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இதழ் அச்சுக்குப் போனதா இல்லையா என்று நான் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் இறங்கி எதிரே இருந்த கடை மறைந்தது. கும்பிடாத சாமி இல்லை. காட்டு மிருகத்திலிருந்து காப்பாற்றுவார் என்று நம் சனங்கள் கும்பிடுகிற வனத்துச் சின்னப்பருக்கும் ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டேன். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவள் பிள்ளையின் முகத்தில் எப்படி விழிப்பது? பழைய கதைகளை மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். புள்ளியக்காவுக்குக் காய்ச்சல் வந்தது, கண்ணீர் வந்தது, பசி வந்தது, ரோசம் வந்தது. ஒரு வாரத்தில்கூட அவளுக்கு நகம் வரவில்லை. அவள் என்ன தின்றாள் என்று நான் எழுதவே இல்லை. ரொட்டியும் சம்பலும் தின்பதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், நானும் நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் எழுதும் மிருகத்துக்கு எந்தச் சட்டை வேண்டுமானாலும் போடுங்கள், எந்தப் பாசையில் வேண்டுமானாலும் பேச வையுங்கள். ஒரு கதையில் ஓரிடத்திலாவது அதன் நகம் தெரியட்டும். கதை கெட்டுவிடும் என்று பயப்படாதீர்கள். அதற்குப் பிறகு நான் எழுதியதில் எல்லாம் நகம் இருந்தது, யாரும் கேட்பதை நிறுத்தவில்லை. உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

நன்றாக இருட்டத் தொடங்கிய பிறகு தொலைபேசி அடித்தது. மாரியாயி.

அவளே எல்லாவற்றையும் சொன்னாள். நான் சொன்னபடி அதிகாரிக்குப் பின்னாலேயேதான் நடந்தாளாம். தூரடியைக் காட்டியதும் அவர்களே குட்டியை வாங்கி வைத்துவிட்டு, எல்லோரையும் வண்டிக்குள் ஏற்றி ரோட்டு வளைவில் நிறுத்திவிட்டார்களாம். பனிமூட்டம் கொஞ்சம் விலகியபோது தேயிலை வரிசைக்கு நடுவே தாய் வந்தது. குட்டியை முகர்ந்தது. நக்கியது. கழுத்தில் கவ்வித் தூக்கியது.

"போறதுக்கு முன்னால எங்க பக்கம் திரும்பிப் பாத்துச்சுக்கா" என்றாள். "நேரா என்னையத்தான் பாத்துச்சு. என்னைய அதுக்குத் தெரியலக்கா."

அவள் அழுதுகொண்டே பேசினாள். அந்தக் கண்ணில் ஒன்றுமே இல்லையாம். நன்றியும் இல்லை, கோபமும் இல்லை. கல்லைப் பார்ப்பது மாதிரி பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டதாம். புள்ளியக்காவுக்குக் காய்ச்சல் என்றதும் எத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்தேன் தெரியுமா என்றாள். அவள் அழுது முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது.

பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கதை வருமா என்று கேட்டாள். வரும் என்றேன்.

"அது வேற, நம்ம புள்ளியக்கா வேற. இப்ப எனக்கு வெளங்குதுக்கா" என்றாள். "நம்ம புள்ளியக்காவுக்கு என்னையத் தெரியுந்தானே?"

"தெரியும் மாரியாயி" என்றேன். "அவளுக்கு உன்னைய நல்லாத் தெரியும்."